பதினாறாவது இடத்துப் புள்ளி

2015இல் ஒரு மாலை. வேலை முடிந்து கிளம்பும் நேரம், அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. மதுரைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். ஒரு வாடிக்கையாளருக்காக நாங்கள் செய்து கொடுத்திருந்த பதிவுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, என் பேரு மீனாட்சிசுந்தரம். எல்லாம் சரியா வருது. கடைசி ம-வுக்குப் புள்ளி வைக்க மட்டும் விடமாட்டேங்குது."

"ஐயா, கீபோர்டுல ஏதாவது கோளாறு இருக்கான்னு..."

"கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. வேற இடத்துல அடிச்சா புள்ளி விழுது. உங்க கட்டத்துலதான் விழல."

உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. 'மீனாட்சிசுந்தரம' என்று வந்து நின்றது. புள்ளி விசையை எத்தனை முறை அழுத்தினாலும் கட்டம் ஏற்கவில்லை.

பெயர்க் கட்டத்தில் 'மேக்ஸ்லெங்த்' என்ற அட்ரிப்யூட் இருந்தது. இத்தனைக்கு மேல் தட்டினால் ஏற்காதே என்று பிரவுசருக்குச் சொல்வது அது. மதிப்பு 15. போட்டவன் நான். எங்கள் குழுவில் இருந்தவர்களின் பெயர்களை ஆங்கிலத்தில் அடித்துப் பார்த்து, 15 போதும் என்று முடிவு செய்திருந்தேன்.

மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். தமிழ் படித்த எவருக்கும் ஒன்பது எழுத்து. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறையான யூனிகோடில் கணக்கு வேறு. 'மீ' என்பது ம ஒன்று, ஈகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'ட்' என்பது ட ஒன்று, புள்ளி ஒன்று. த, ர இரண்டு மட்டுமே ஒற்றை. கூட்டினால் 16. கடைசி ம-வோடு 15 நிரம்பிவிடுகிறது. பதினாறாவது இடத்தில் நிற்பது புள்ளி. அதற்கு இடம் இல்லை.

15ஐ 60 ஆக்கினேன். பத்து நிமிட வேலை. பெரியவரைத் திரும்ப அழைத்துச் சொன்னேன், அடித்துப் பார்த்தார், "விழுந்துருச்சு தம்பி" என்று வைத்துவிட்டார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை. அம்புக்குறி விசையை அழுத்தினால் கர்சர் 'மீ'யை ஒரே தாவலில் கடக்கிறது. எது ஓர் எழுத்து என்று பிரவுசருக்கு ஏற்கெனவே தெரிகிறது. தெரிந்திருந்தும் எண்ணும்போது மட்டும் ஏன் உடைத்து எண்ணுகிறது? குற்றம் வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் தரநிலையில்தான், அதைத் திருத்திவிட வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் இந்தத் தரநிலை வேலைக்குள் வந்தேன்.

ஹெச்டிஎம்எல்லை இன்று எழுதிப் பராமரிப்பது வாட்விக் என்ற பணிக்குழு. அது பிறந்த கதையே ஒரு தோற்றுப்போன முன்மொழிவின் கதை. 2004 ஜூனில் அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு ஒரு பட்டறை நடத்தியது. புழக்கத்தில் இருக்கும் ஹெச்டிஎம்எல்லையே வளர்ப்போம் என்று மொஸில்லாவும் ஓப்பராவும் கேட்டன. டபிள்யூ3சி அப்போது எக்ஸ்ஹெச்டிஎம்எல் வழியில் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு குறி விட்டுப்போனாலும் பக்கத்தைக் காட்டாமல் பிழை என்று நிறுத்திவிடும் கண்டிப்பான வழி அது. வாக்கெடுப்பில் ஆதரவு 8, எதிர்ப்பு 14. தோற்றவர்கள் ஒருசில நாளில் தனிக் குழு தொடங்கிவிட்டார்கள். எக்ஸ்ஹெச்டிஎம்எல்லின் இரண்டாம் பதிப்பு 2009இல் கைவிடப்பட்டது. 2019 மே மாதம் இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டு, ஹெச்டிஎம்எல்லுக்கு வாட்விக்கின் பிரதி ஒன்றே பிரதி என்று முடிவு செய்தார்கள்.

இந்தக் குழுவில் பேசக் கட்டணம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை. கோயம்புத்தூரில் ஒரு சின்ன அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நானும் ஒரு பிரச்சினையை எழுதலாம். நாம் எழுதிய வரி தரநிலைக்குள் போகிறது என்றால் மட்டும் உரிமை குறித்த ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட வேண்டும். ஆனால் எழுதியதெல்லாம் உள்ளே போய்விடாது. குறைந்தது இரண்டு பிரவுசர் இயந்திரங்களைக் கட்டுபவர்கள் 'நாங்கள் இதைச் செய்கிறோம்' என்று முன்வர வேண்டும். மூன்றாமவர் வலுவாக எதிர்க்கக் கூடாது. எல்லா பிரவுசருக்கும் பொதுவான சோதனைகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். இவை கூடிவராவிட்டால் எவ்வளவு அழகான யோசனையும் காகிதத்தோடு நின்றுவிடும்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ஒரே இரவில் ஒரு புது அட்ரிப்யூட்டை எழுதி அனுப்பினேன். மேக்ஸ்லெங்த்துக்குப் பக்கத்தில் அதைப் போட்டால் பிரவுசர் எழுத்தெழுத்தாக எண்ண வேண்டும். பெயர் வைத்தேன், என்னென்ன மதிப்பு ஏற்கும் என்று பட்டியல் போட்டேன், மாதிரி நிரலும் எழுதினேன். பிரச்சினை என்ன என்பதற்கு மூன்றே வரி.

வந்த பதில்களில் என் அட்ரிப்யூட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாம் கேள்விகள். யாருக்கு இந்தச் சிரமம்? இப்போது எப்படிச் சமாளிக்கிறார்கள்? எத்தனை தளங்களில் பார்த்தீர்கள்? அட்ரிப்யூட் இல்லாமல் தீர்க்கவே முடியாதா? முதலில் கோபம் வந்தது. உண்மையில் அவர்கள் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தின் ஒரு பகுதி எது என்று பிரவுசருக்குச் சொல்லும் குறிதான் டேக்; அதற்குள் எழுதும் கூடுதல் குறிப்புதான் அட்ரிப்யூட். டேக்கைக் கொண்டுவராதே, பிரச்சினையைக் கொண்டுவா என்பது இந்த வேலையில் முதல் பாடம். டேக் எங்கள் கையில் பிறக்கும், சிரமத்தை அதை அனுபவித்தவரால் மட்டுமே சொல்ல முடியும் என்று ஒருவர் எழுதினார். அந்த வரியை நான் மறக்கவில்லை.

ஏன் இவ்வளவு தயக்கம்? ஹெச்டிஎம்எல்லில் ஒன்று நுழைந்துவிட்டால் அதை வெளியே அனுப்ப முடியாது. இதைப் புரிந்துகொள்ள ஐஎம்ஜி டேக்கின் கதை ஒன்று போதும்.

1993 பிப்ரவரி 25. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் பிரவுசரை எழுதிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், சக டெவலப்பர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். பக்கத்தில் படம் காட்ட ஐஎம்ஜி என்று ஒரு டேக் வைக்கலாமா? பதில்கள் வந்தன. படத்துக்கு மட்டும் ஏன், எந்த வகைக் கோப்பையும் உள்ளே கொண்டுவரப் பொதுவான ஒரு வழி வேண்டாமா என்றார்கள். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயோ, ஏற்கெனவே இருக்கும் இணைப்பு டேக்கிலேயே இதைச் செய்யலாமே என்றார். எல்லாமே நல்ல யோசனைகள்தாம். பேச்சு முடிவதற்குள் மொசைக் ஐஎம்ஜியோடு வெளிவந்துவிட்டது. மக்கள் அதை வைத்துப் பக்கங்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதோடு விவாதம் முடிந்தது.

ஐஎம்ஜிக்கு முடிக்கும் டேக் கிடையாது. ஆகவே அதற்குள் எதையும் வைக்க முடியாது. பார்வையற்றவருக்குப் படத்தை விவரிக்க வேண்டுமென்றால் அதை ஓர் அட்ரிப்யூட்டுக்குள் வெறும் எழுத்தாகத்தான் அடைக்க வேண்டும். ஒரு பத்தி, ஓர் அட்டவணை, ஓர் இணைப்பு எதுவும் அங்கே நுழையாது. பின்னால் வந்த வீடியோ, ஆடியோ டேக்குகள் முடிக்கும் டேக்கோடு வந்தன. நடுவே மாற்று உள்ளடக்கம் வைக்க இடம் இருக்கிறது. ஐஎம்ஜிக்கு மட்டும் 1993இல் எடுத்த முடிவு அப்படியே நிற்கிறது. அதை மாற்றினால் முப்பது ஆண்டுப் பக்கங்கள் உடையும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஐஎம்ஜி என்பதற்குப் பதிலாக 'இமேஜ்' என்று முழுச் சொல்லையும் எழுதினாலும் பிரவுசர் படத்தைக் காட்டும். அந்தக் காலத்தில் பலர் தவறாக அப்படி எழுதியதால், பக்கத்தைப் படித்துப் பிரிக்கும் பார்ஸர் அதை ஐஎம்ஜி ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று தரநிலையே சொல்கிறது. அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் 'காரணம் கேட்காதீர்கள்' என்ற பொருளில் ஒரு குறிப்பும் இருக்கிறது. யாரோ எப்போதோ தவறாக எழுதிய பக்கமும் திறக்க வேண்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்த வரி அது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முடிக்கும் டேக் இல்லாத ஒரு சின்ன டேக்கைத்தான் கேட்பார்கள். ஐகான் போல ஒன்று, இடைவெளி போல ஒன்று. அதைக் கொடுக்க முடியாது. எந்தெந்த டேக்குக்கு முடிவு தேவையில்லை என்ற பட்டியல் ஒவ்வொரு பிரவுசரின் பார்ஸருக்குள்ளும் எழுதப்பட்டிருக்கிறது. மொத்தமே 13 பெயர்கள். அதில் இல்லாத ஒன்றைப் பழைய பிரவுசர் பார்த்தால், திறந்த டேக் இன்னும் மூடவில்லை என்று எண்ணி, கீழே வரும் மொத்தப் பக்கத்தையும் அதற்குள் போட்டுவிடும். அந்த டேக்குக்கு ஓர் அலங்காரம் எழுதியிருந்தால் பக்கம் முழுக்க அந்த அலங்காரம் பரவும். பேருந்து நிலையத்தில் பழைய போனை வைத்துக்கொண்டு தேர்வு முடிவு பார்க்கும் பிள்ளைக்கு அந்தப் பக்கம் போகும். அதனால் கொடுப்பதில்லை.

ஒரு தளம் தன் சொந்த டேக்கை உருவாக்கிக்கொள்ள வழி உண்டு. பெயருக்கு நடுவே ஒரு சிறுகோடு இருக்க வேண்டும் என்பது விதி. சிறுகோடு உள்ள பெயர்கள் தளங்களுக்கு, இல்லாதவை தரநிலைக்கு. நாளைக்குப் புது டேக் வந்தாலும் இன்றைய தளத்தோடு மோதாது. வரப்புக் கல் நட்ட மாதிரி.

இனி என் முன்மொழிவுக்கு வருகிறேன். பிரச்சினையை ஒழுங்காக எழுதிய பிறகு விவாதம் சூடுபிடித்தது. எதிர்த்தவர்கள் மூன்று காரணம் வைத்தார்கள். மூன்றும் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தன.

முதலாவது, பக்கத்தில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட்டிடம் இந்தப் பெயரின் நீளம் என்ன என்று கேட்டால் 16 என்றுதான் சொல்லும். கட்டம் 9 என்று எண்ணி, நிரல் 16 என்று எண்ணினால், கட்டம் ஏற்ற பெயரை நிரல் தள்ளும். நான் விடவில்லை. அந்தச் சமயத்தில் சஃபாரியின் இயந்திரமான வெப்கிட் மேக்ஸ்லெங்த்தை எழுத்தாகவே எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு பிரவுசர் ஏற்கெனவே செய்கிறதே என்று காட்டினேன். அதுதான் நோய் என்றார்கள். ஒரே படிவம், ஒரே பெயர். ஒரு கருவியில் ஏற்கிறது, இன்னொன்றில் வெட்டுகிறது. தரநிலை என்று ஒன்று இருப்பதே இப்படி நடக்காமல் இருக்கத்தானே. எனக்குப் பதில் இல்லை.

இரண்டாவது காரணம் சேமிப்பு. யூனிகோட் விதிப்படி ஓர் எழுத்தின் மேல் எத்தனை குறிகளை வேண்டுமானாலும் அடுக்கலாம். உச்சவரம்பு கிடையாது. 60 எழுத்து என்று அனுமதித்தால், ஒரே எழுத்தின் தலையில் ஆயிரம் குறியை ஏற்றி அனுப்ப முடியும். அளவுக்கு ஒரு வேலி என்று போட்ட அட்ரிப்யூட், வேலியாகவே இருக்காது.

மூன்றாவதுதான் ஆழமானது. எது ஓர் எழுத்து? ஸ்ரீனிவாசன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் குறிகளாக எண்ணினால் 11. கண்ணால் பார்க்கும் தமிழருக்கு ஸ்ரீ, னி, வா, ச, ன் என்று 5. யூனிகோடின் எழுத்துக் கூட்டம் பிரிக்கும் விதியோ ஸ்ரீயை 'ஸ்' என்றும் 'ரீ' என்றும் இரண்டாக வெட்டும். ஆகவே 6. நான் 'எழுத்து' என்று எழுதியபோது மனதில் இருந்தது 5, பிரவுசர் தரக்கூடியது 6. அந்த விதியும் நிலையானது இல்லை, யூனிகோடின் அடுத்த பதிப்பில் மாறலாம் என்று ஒருவர் சொன்னார். அன்று அது ஊகம். 2023இல் வந்த 15.1 பதிப்பில் நடந்தேவிட்டது. தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றின் கூட்டெழுத்துகளைப் பிரிக்காமல் ஒன்றாக வைக்கும்படி விதியை மாற்றினார்கள். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. என் அட்ரிப்யூட் ஏற்கப்பட்டிருந்தால், ஒரே இந்திப் பெயருக்குப் பழைய பிரவுசர் ஒரு கணக்கும் புது பிரவுசர் வேறு கணக்கும் சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த விவாதத்தில் தமிழுக்காக வாதாட வந்தவர்கள் மிகக் குறைவு. எமோஜிக்காக வந்தவர்கள் அதிகம். அப்பா, அம்மா, மகள், மகன் நிற்கும் ஒரு குடும்பப் படம் கண்ணுக்கு ஒன்று, கணக்கில் 11. அந்தப் படம் வெட்டுப்பட்டு அப்பா மட்டும் தனியே நின்றால் உலகம் முழுவதும் கவனிக்கிறார்கள். ம-வின் புள்ளி விடுபட்டால் கவனிக்க ஆள் வேண்டும். எமோஜி வந்த பிறகுதான் 'எழுத்து' என்ற சொல்லை எல்லோரும் கவலையோடு பார்க்கத் தொடங்கினார்கள். அதனால் நமக்கும் நன்மைதான். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் உள்ள எழுத்துமுறை எமோஜியின் முதுகில் ஏறி வர வேண்டியிருந்தது எனக்கு வலித்தது. வருவதற்கு ஆள் இல்லை என்பதே காரணம். யாரும் தடுக்கவில்லை.

ஆதாரம் கேட்டார்களே, அதைத் தேடிச் சில மாதங்கள் சனி, ஞாயிறு செலவழித்தேன். தமிழில் நிரப்பக்கூடிய படிவங்களை ஒவ்வொன்றாகத் திறந்து மீனாட்சிசுந்தரத்தை அடித்துப் பார்த்தேன். திரையைப் படம் பிடித்துச் சேர்த்தேன். அப்போதுதான் என் அடிப்படையே ஆடியது. நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவற்றில் பெயரை வெட்டியது பிரவுசர் அல்ல, பின்னால் இருந்த தரவுத்தளம். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். மீனாட்சிசுந்தரம் 48 பைட். தரவுத்தளத்தில் 40 பைட் என்று கட்டம் போட்டிருந்தால், பதினான்காவது குறியின் நடுவில் கத்தி விழுகிறது. திரையில் ஒரு கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி நிற்கும். ஹெச்டிஎம்எல்லில் என்ன அட்ரிப்யூட் போட்டாலும் இந்தப் பெயர்கள் பிழைத்திருக்காது.

முன்மொழிவை நானே திரும்பப் பெற்றேன். அதைத் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. தவறான மருந்து ஒன்று நிரந்தரமாக உள்ளே போகாமல் நின்றது.

ஆதாரத்தோடு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மெயின் டேக் நல்ல சாட்சி. 2012இல் ஸ்டீவ் ஃபாக்னர் அதை முன்வைத்தார். பக்கத்தின் முக்கியப் பகுதி இது என்று சொல்லும் டேக். திரைவாசிப்பான் வைத்திருப்பவர் மெனுவையெல்லாம் தாண்டி நேரே அங்கே போகலாம். தலைப்பையும் மெனுவையும் அடிக்குறிப்பையும் கழித்துவிட்டால் மிஞ்சுவதுதானே முக்கியப் பகுதி, அதற்குத் தனி டேக் எதற்கு என்று தரநிலையின் ஆசிரியர் இயன் ஹிக்சன் மறுத்தார். தர்க்கம் சரிதான். ஃபாக்னர் தர்க்கத்தோடு மோதாமல் தளங்களைத் திறந்து பார்த்தார். பக்கம் எழுதுபவர்கள் தாங்களாகவே அந்தப் பகுதிக்கு 'மெயின்', 'கன்டென்ட்' என்றெல்லாம் அடையாளப் பெயர் வைத்துக்கொண்டிருந்ததைத் தரவாக எடுத்து வைத்தார். ஜனங்கள் நடந்து நடந்து விழுந்த ஒற்றையடிப் பாதைக்குச் சாலை போடுவதுதான் ஹெச்டிஎம்எல்லின் வடிவமைப்புக் கொள்கைகளில் ஒன்று. டேக் உள்ளே வந்தது.

அதே கொள்கைகளில் இன்னொன்றை நான் மேசையில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கருத்து மோதினால் யாருக்கு முன்னுரிமை? முதலில் பக்கத்தைப் படிப்பவர், அடுத்து எழுதுபவர், பிறகு பிரவுசர் கட்டுபவர், அதற்குப் பிறகு தரநிலை எழுதுபவர், கடைசியில்தான் கொள்கைத் தூய்மை. எத்தனையோ நீண்ட சண்டைகளை இந்த வரிசை முடித்து வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆசிரியர் கையில் அதிகாரம் இருந்தாலும் பக்கம் எழுதுபவர்கள் சேர்ந்து நின்றால் அசையும். 2011 அக்டோபரில் டைம் டேக்கை எடுத்துவிட்டு டேட்டா என்று பொதுவான ஒன்றை வைத்தார்கள். ஏற்கெனவே டைம் எழுதியவர்கள் கொதித்துப்போனார்கள். சில வாரங்களில் அது திரும்பி வந்தது. இன்று இரண்டும் இருக்கின்றன.

பிக்சர் டேக்கின் கதை இன்னும் நீளம். ஸ்மார்ட்போன் வந்த பிறகு சின்னத் திரைக்குச் சின்னப் படம் அனுப்ப வேண்டிய தேவை வந்தது. பக்கம் எழுதுபவர்கள் 2012இல் ஒரு சமூகக் குழு கட்டி பிக்சர் என்ற டேக்கைக் கேட்டார்கள். அதே ஆண்டு மே மாதம், அவர்கள் கேட்டதை விட்டுவிட்டு சோர்ஸ்செட் என்ற அட்ரிப்யூட் தரநிலையில் சேர்க்கப்பட்டது. கசப்பு பலமாக இருந்தது. வெளியிலிருந்து பார்த்த எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. உள்ளே ஒரு நிஜமான சிக்கல் இருந்ததைப் பின்னால்தான் புரிந்துகொண்டேன்.

படம் வைக்கப்போகும் இடத்தின் அகலத்தைப் பார்த்துப் பிரவுசரே தேர்ந்துகொள்ளட்டுமே என்று எல்லோருக்கும் தோன்றும். முடியாது. ஹெச்டிஎம்எல் வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தின் அலங்காரக் கோப்பு வருவதற்கு முன்பே, பிரவுசர் முன்னால் ஓடிப்போய்ப் படங்களின் முகவரியைப் பொறுக்கி இறக்கத் தொடங்கிவிடுகிறது. நம் பக்கங்கள் வேகமாகத் திறப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்த நொடியில் படத்தின் இடம் எவ்வளவு அகலம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே அகலத்தைப் பக்கம் எழுதுபவர் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும் என்று சைஸஸ் என்ற அட்ரிப்யூட் வந்தது. எழுதுவதற்கு அலுப்பான அட்ரிப்யூட் என்று இன்றும் எல்லோரும் குறை சொல்கிறார்கள். குறை நியாயம்தான். ஆனால் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முடிவில் பிக்சர் வந்தது, ஐஎம்ஜியைச் சுற்றிய ஓர் உறையாக. படத்தைக் காட்டுவது இன்னும் உள்ளே இருக்கும் ஐஎம்ஜிதான். பழைய பிரவுசருக்கு உறை தெரியாது, ஐஎம்ஜி தெரியும், படம் வந்துவிடும். இதை குரோமில் எழுத ஆள் கிடைக்காமல் யோவ் வெய்ஸ் என்ற டெவலப்பர் பொதுமக்களிடம் நிதி திரட்டி எழுதினார். 2014இல் குரோம் 38ஆம் பதிப்பில் வெளிவந்தது. ஒரு டேக்குக்காகச் சாதாரண இணைய டெவலப்பர்கள் தங்கள் கைக்காசைப் போட்டார்கள் என்பதை இளையவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

என் கருத்தை நானே மாற்றிக்கொண்ட இன்னொரு விவாதம் பாப்ஓவர். பக்கத்தின் மேல் மிதந்து திறக்கும் சின்னப் பெட்டிகளுக்கு முதலில் பாப்அப் என்ற டேக்காகத்தான் யோசனை வந்தது. டேக்தான் சரி என்று நானும் நினைத்தேன், எழுத எளிது என்பதால். எதிர்த்தவர்கள் கேட்டது: மிதப்பது ஒரு பொருளா, ஒரு நடத்தையா? மெனுவும் மிதக்கிறது, உதவிக்குறிப்பும் மிதக்கிறது, நாள்காட்டியும் மிதக்கிறது. திரைவாசிப்பான் 'பாப்அப்' என்று அறிவித்தால், கேட்பவருக்கு எதிரே இருப்பது மெனுவா நாள்காட்டியா என்று எப்படித் தெரியும்? எந்த டேக்கிலும் போடக்கூடிய அட்ரிப்யூட்டாக அது மாறியது. பெயரும் பாப்ஓவர் ஆனது. 2023இல் குரோமிலும் சஃபாரியிலும், 2024 ஏப்ரலில் ஃபயர்பாக்ஸ் 125ஆம் பதிப்பிலும் வந்தது.

அதே ஃபயர்பாக்ஸ் 125இல் நான் காத்திருந்த இன்னொன்றும் வந்தது. உரையை எழுத்துக் கூட்டங்களாகப் பிரித்துத் தரும் செக்மென்டர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் வசதி. குரோமிலும் சஃபாரியிலும் முன்பே இருந்தது. மூன்று இயந்திரங்களிலும் இப்போது உண்டு. மீனாட்சிசுந்தரத்தைக் கொடுத்தால் 9 என்கிறது. ஸ்ரீனிவாசனுக்கு இன்னும் 6தான். பெயர் எண்ணுவதற்கு அது போதும். ஆக எனக்கு வேண்டியிருந்தது ஹெச்டிஎம்எல்லில் ஓர் அட்ரிப்யூட் அல்ல, எண்ணத் தெரிந்த ஒரு கருவி. அது வேறு குழுவில், வேறு தரநிலையில் பிறந்தது.

இன்று நான் செய்யும் படிவங்களில் பெயருக்கு இறுக்கமான மேக்ஸ்லெங்த் வைப்பதில்லை. அளவு காட்ட வேண்டுமென்றால் செக்மென்டரால் எண்ணிக் கட்டத்துக்குக் கீழே காட்டுகிறேன். தட்டுவதை நடுவில் தடுப்பதில்லை. தாண்டினால் சொல்கிறேன், திருத்துவது அவர் விருப்பம். தரவுத்தளத்தில் தாராளமாக இடம் விடுகிறேன். பக்கத்தின் முதல் டேக்கில் மொழி தமிழ் என்று குறிப்பதை மறப்பதில்லை; அது இல்லாவிட்டால் திரைவாசிப்பான் தமிழை ஆங்கிலக் குரலில் படிக்க முயலும்.

நம் எழுத்துமுறைக்கு வலையில் என்னென்ன சரியாக வேலை செய்யவில்லை என்று பட்டியலிட டபிள்யூ3சியில் ஓர் ஆவணமே இருக்கிறது. அதை எவரும் படிக்கலாம், குறை இருந்தால் சொல்லலாம். யாரோ அக்கறையோடு கொண்டுபோய்ச் சேர்த்ததால்தான் இன்று ஒரே வரி நிரலால் வரிசைப் பட்டியலை ௧, ௨, ௩ என்று எண்ணிக்காட்ட முடிகிறது.

மீனாட்சிசுந்தரம் ஐயாவின் பெயரை இன்றும் ஒவ்வொரு புதுப் படிவத்திலும் முதல் சோதனையாக அடிக்கிறேன். நீங்கள் படிவம் செய்பவர் என்றால் நாளைக் காலை வேலைக்குப் போனதும் உங்கள் கட்டத்தில் அதை ஒருமுறை அடியுங்கள். சேமித்து, திரும்பத் திறந்து, கடைசி ம-வைப் பாருங்கள். புள்ளி இல்லாவிட்டால் முதலில் உங்கள் தரவுத்தளத்தைப் பாருங்கள், பிறகு உங்கள் நிரலை. இரண்டும் சரியாக இருந்து பிரவுசர்தான் வெட்டுகிறது என்றால் திரையைப் படம் எடுத்து, யார் என்ன செய்ய முயன்றார், என்ன நடந்தது என்று நான்கு வரி தரநிலைக் குழுவுக்கு எழுதுங்கள். புது டேக் எதுவும் எழுத வேண்டாம்.